சுரண்டாமல் விட்ட இடம்

போன வருடம் ஆவணி மாதம், பள்ளிக்கூட விடுமுறை நாட்கள். உரும்பிராயில் எங்கள் வீட்டு வளவுக்குள், மாமரத்தின் கீழே நிற்கும் பழைய காரின் எஞ்சினுக்கு மேல் நான் நாலு நாட்கள் குனிந்து நின்றேன். அந்த நாலு நாட்களை நினைத்தால் இன்றைக்கும் முதலில் வருவது முதுகு வலிதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

கார் என் கணவருடையது. பழைய ஒஸ்ரின். எங்களுக்குக் கல்யாணம் நடந்து அடுத்த வருடம் வாங்கினார். வாங்கும்போதே அதற்கு அவரைவிட வயது கூட. இருபத்தாறு வருடம் அதில்தான் எங்கள் ஒழுங்கையிலும் பக்கத்து ஒழுங்கைகளிலும் உள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கினார். கடைசியாக ஏற்றிய ஆறு பிள்ளைகளில் இரண்டு பேருடைய தாய்மாரையும் அதே காரில்தான் சின்ன வயதில் ஏற்றியிருக்கிறார்.

பங்குனியில் ஒரு மத்தியானம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தார். போட்டிருந்த சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, கதிரையில் சாய்ந்து தண்ணீர் கேட்டார். நான் செம்போடு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தவர் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போவதற்கு அவருக்கு நேரமும் கிடைக்கவில்லை.

ஒருவர் போன பிறகு எவ்வளவு காகிதம் வேண்டும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மரணச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம், அதற்கு ஒரு கையெழுத்து, அந்தக் கையெழுத்துக்கு இன்னொரு கையெழுத்து. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமையே தொடங்கினேன். நான் ஒழுங்காக அழவில்லை என்று சொந்தக்காரர்கள் கதைத்தார்களாம். அழுவதற்கு நான் எந்த வரிசையில் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மற்றக் காகிதங்கள் எல்லாம் ஒருவாறு முடிந்தன. மிஞ்சியது கார். அதை என் பெயருக்கு மாற்ற வேண்டும். எனக்குக் கார் ஓட்டத் தெரியும். நாற்பது வயதில் அவர்தான் பழக்கினார். அவர் திட்டத் திட்ட, நான் திருப்பித் திட்டத் திட்ட, ஒரு மாதிரி லைசென்ஸும் எடுத்துவிட்டேன். அந்த ஆறு வீட்டுக்காரரும் நல்லவர்கள். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் தவணை தொடங்கும்வரை பொறுக்கிறோம், அதற்குள் கார் உங்கள் பெயருக்கு வந்துவிட்டால் பிள்ளைகளை உங்களோடேயே அனுப்புகிறோம், வராவிட்டால் வான் பிடிக்கத்தான் வேண்டும் என்றார்கள். நியாயமான பேச்சு.

வராவிட்டால் எனக்கு என்ன வழி என்பதும் தெரிந்ததுதான். கொழும்பில் இருக்கிற மகள் ஒவ்வொரு நாளும் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாலாம் மாடியில் வீடு. எனக்கென்று ஒரு அறையும் ஒதுக்கி வைத்திருந்தாள். அவளுடைய அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த அறைக்குப் போய் யன்னலால் எதிர்வீட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஐம்பத்திரண்டு வயதுதானே ஆகியிருந்தது.

காரை வாகனப் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். பொனற்றைத் திறந்த அதிகாரி ஒரு அடி பின்னால் நகர்ந்தார். உள்ளே எஞ்சின் முழுக்க வெள்ளிப் பெயின்ற். அம்மனுக்குக் கவசம் சாத்தியதுபோல மினுங்கியது. எஞ்சின் நம்பரைக் கடதாசி வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டும், அது கார்ப் புத்தகத்தில் உள்ளதோடு பொருந்த வேண்டும், இந்தப் பெயின்றுக்குக் கீழே அது எங்கே இருக்கிறதென்று எனக்கும் தெரியாது அம்மா என்றார். சில எஞ்சின்களில் இரும்பிலேயே அடித்திருப்பார்களாம். சிலவற்றில் சின்னத் தகடு வைத்து ஆணி அறைந்திருப்பார்களாம். மரியாதையாகத்தான் சொன்னார். சுரண்டி எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று பதினான்கு நாள் கழித்து ஒரு திகதி தந்தார். அந்தத் திகதிக்கு மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் தொடங்குகிறது.

இந்தப் பெயின்றின் கதையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஆயுத பூசைக்கு இரண்டு நாள் முன்பு என் கணவர் எஞ்சினைக் கழுவித் துடைத்துப் புதுப் பெயின்ற் அடிப்பார். பழையதைச் சுரண்டுவதில்லை. அதன்மேலேயே அடிப்பார். பூசையன்று காரின் நெற்றியில், நாலு சில்லில், ஸ்ரியறிங்கில் சந்தனமும் குங்குமமும் வைப்பார். கடைசியாகப் பொனற்றைத் திறந்து, உள்ளே குனிந்து, எஞ்சினின் இடப்பக்கத்தில் கீழ் மூலையில், ஒருவர் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு பொட்டு. அடுத்த வருடம் அந்தப் பொட்டுக்கு மேலேயே பெயின்ற், அதற்கு மேல் மறுபடி பொட்டு. வருடக் கணக்கில் அந்த இடம் வீங்கி ஒரு சின்ன வடை அளவுக்குப் பருத்துவிட்டது.

எஞ்சினுக்கும் கண்ணூறு படுமோ, உங்களுக்கு ஒரு பொட்டு நான் வைத்துவிடட்டோ என்று ஒவ்வொரு வருடமும் நான் நக்கலடிப்பேன். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார்.

“அது அதிலைதான் இருக்கவேணும்,” என்பார். அவ்வளவுதான்.

அந்த மனிதருக்கு ஊரில் எல்லோரோடும் கதை உண்டு. சந்தியில் காய்கறி விற்பவரோடு அரை மணித்தியாலம் கதைப்பார். வீட்டில் ஒரு கேள்விக்கு ஒரு சொல்தான். ஒருமுறை என் தையல் கத்தரிக்கோலை எடுத்துச் சைக்கிள் ரியூப்பை வெட்டிவிட்டார். புதுக் கத்தரிக்கோல், துணியைத் தவிர வேறொன்றும் தொடக்கூடாது என்று நான் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தது. என்னத்துக்கு வெட்டினீர்கள் என்று கேட்டதற்கு, கார் வேலைக்கு என்றார். நான் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கத்தரிக்கோல் துணியை வெட்டவே இல்லை, மென்று துப்பியது.

திகதி கிடைத்த கிழமை அவருடைய தம்பி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“நான் சொல்லுறனெண்டு குறை நினையாதேங்கோ அண்ணி. அண்ணை வருசா வருசம் பெயின்ற் அடிச்சது வடிவுக்கெண்டு நினைக்கிறியளோ?”

பிறகு விளக்கமாகச் சொன்னார். சாமான் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு காரின் எஞ்சினைக் கழற்றி இன்னொரு காருக்குப் பூட்டுவது சாதாரணமாம். புத்தகத்தில் ஒரு நம்பர், எஞ்சினில் ஒரு நம்பர் என்று எத்தனையோ கார் ஓடியதாம். அண்ணர் வாங்கிய காரும் அப்படித்தான் என்று யாரோ முன்பே சொன்னார்களாம். அதை மறைக்கத்தான் பெயின்ற். சுரண்டிப் பார்த்து வில்லங்கத்தில் மாட்டாமல், பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு மகளிடம் போங்கள் என்றார். நான் அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தேன். சீனி போட மறந்துவிட்டேன். மறந்தேனா, வேண்டுமென்றுதான் போடவில்லையா என்பது எனக்கே தெரியாது.

அவர் போய்விட்டார், சொன்னது போகவில்லை. நான் என் கணவரை நம்பினேனா என்று கேட்டால், அன்றைக்கு அவர் தம்பியிடம் நம்புகிறேன் என்றுதான் சொன்னேன். பாத்திரம் கழுவும்போது நம்பவில்லை. ஒவ்வொரு வருடமும் கேட்டும் ஏன் ஒரு வார்த்தைக்கு மேல் சொல்லவில்லை? மறைக்க ஒன்றும் இல்லாதவர் ஏன் சொல்லாமல் இருக்க வேண்டும்? அந்தக் கிழமை முழுக்க அவருடைய படத்துக்குப் பூ வைத்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

சந்தியில் உள்ள கராச்சுக்காரர் நல்லூர்த் திருவிழா முடிந்துதான் வேலை தொடங்குவாராம். அவசரமென்றால் கிறைண்டரில் கம்பிச் சில்லைப் பூட்டிப் பத்து நிமிடத்தில் உரித்துத் தருவதாகச் சொன்னார். தகடு என்றால் அதுவும் சேர்ந்து உரிந்துவிடுமே என்று கேட்டேன். அது உங்கள் அதிர்ஷ்டம் என்றார். என் அதிர்ஷ்டத்தைப் பற்றி எனக்கு அந்த வருடம் நல்ல அபிப்பிராயம் இருக்கவில்லை. நானே சுரண்டுவதென்று முடிவெடுத்தேன்.

முதல் நாள் ஒரு பழைய கத்தியும் கம்பி பிரஸும் அரத்தாளும் எடுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்குத் தொடங்கினேன். மத்தியானம் ஆகும்போது ஒரு உள்ளங்கை அளவு இடத்தில்தான் இரும்பு தெரிந்தது. உரிந்த செதில் ஒவ்வொன்றும் தடித்த மட்டை மாதிரி இருந்தது. ஓரத்தைப் பார்த்தால் வெள்ளிக்கு மேல் வெள்ளி, நடுவில் ஒரே ஒரு பச்சை. அந்த வருடம் வெள்ளிப் பெயின்ற் கிடைக்கவில்லை என்று எங்கள் கேற்றுக்கு அடித்து மிஞ்சியதை அடித்தார். நான் அதற்கும் நக்கலடித்தேன். விரல்களை மடக்க முடியவில்லை. தோள்பட்டை எரிந்தது. இருபத்தாறு வருடம் அந்த மனிதர் ஒரு தரமாவது பழையதைச் சுரண்டிவிட்டு அடித்திருக்கக் கூடாதா என்று அவரை வாய்விட்டுத் திட்டினேன். மாமரத்தில் இருந்த காகம்தான் கேட்டது.

அடுத்த நாள் காலை யாழ்ப்பாணம் டவுனுக்குப் போய் ஒரு பெயின்ற் கடையில் பெயின்ற் உரிக்கும் மருந்து கேட்டேன். அது இல்லை, கோஸ்டிக் சோடா வாங்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள் என்றார்கள். நான் வாங்கப் போகும்போது பின்னால் நின்ற ஒருவர் கதைத்தார். அறுபது வயதிருக்கும். வெயில் குடித்த உடம்பு, இடுப்பில் சாரம், கையில் நீலப் பெயின்ற் பேணி.

“தங்கச்சி, உந்தச் சோடாவையோ எஞ்சினிலை ஊத்தப்போறியள்? அலுமினியச் சாமான் எல்லாத்தையும் தின்னும். கண்ணிலை தெறிச்சால் பிறகு ஒண்டும் பாக்க ஏலாது.”

நம்பரை வாசிக்கவாவது கண் வேண்டுமே என்று நினைத்துப் பையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் என்ன வேலை என்று விசாரித்தார். குருநகர்க்காரர். வள்ளத்து எஞ்சின்களில் வேலை செய்து பழக்கமாம். அவருடைய சொந்த வள்ளத்தைக் கரையில் ஏற்றிப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். அது காய்ந்து இறக்கும்வரை மூன்று நாலு நாளைக்குத் தனக்குக் கடல் இல்லை, நீங்கள் சரியென்றால் நான் வந்து பார்க்கிறேன் என்றார். இன்னொரு கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சரியான மருந்தையும் வாங்கித் தந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவரில் சந்தேகம் வந்தது. ஒன்றும் எதிர்பாராமல் ஒரு மனிதர் ஏன் குருநகரிலிருந்து உரும்பிராய்க்கு வெயிலில் வர வேண்டும்? அதோடு நான் தனியே இருக்கிறவள், ஒழுங்கைக்கு வாய் உண்டு. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி வைத்தேன். நான் வீடு வந்து சேர்ந்து கொஞ்ச நேரத்தில் அவர் சைக்கிளில் வந்து இறங்கினார். அக்கா ஒரு சுளகில் முருங்கையிலையோடு வந்து மாமர நிழலில் உட்கார்ந்துகொண்டார். மூன்று நாளும் அந்த முருங்கையிலை ஆய்ந்து முடியவில்லை.

வந்தவர் சாக்கைத் திறந்து சாமான்களைப் பரப்பினார். பித்தளைச் சுரண்டி, தேய்ந்த கரண்டிகள், பழைய பல் பிரஸ்கள், ஒரு சுருள் பொலித்தீன். பித்தளை இரும்பைக் கீறாதாம், நம்பர் இருந்தால் அதற்குச் சேதம் வராதாம். முதலில் மண்ணெண்ணெய்யால் எஞ்சினைக் கழுவினார். கழற்ற வேண்டியதைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்தார். பிறகு மருந்தைத் தடவி, வெயிலில் காய்ந்து போகாமல் மேலே பொலித்தீனைப் போர்த்தினார். இனி அரை மணித்தியாலம் ஒன்றும் செய்யக்கூடாது என்றார்.

அந்த அரை மணித்தியாலம்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. கை வேலை செய்யும்போது மனம் கொஞ்சம் வாய் மூடிக்கிடக்கும். சும்மா இருந்தால் தம்பி சொன்னது திரும்பத் திரும்ப வந்தது. அந்த மனிதர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். கணவர் போனது, திகதி, ஆறு பிள்ளைகள், நாலாம் மாடி, தம்பியின் கதை, எல்லாவற்றையும். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

பொலித்தீனை எடுத்தபோது பெயின்ற் பொரித்த அப்பளம் போல எழும்பி நின்றது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் சுரண்டினோம். மேல் நாலைந்து படைதான் வரும். மறுபடி மருந்து, மறுபடி பொலித்தீன், மறுபடி அரை மணித்தியாலம். பின்னேரம் அவர் இடப்பக்கத்துக் கீழ் மூலைக்கு வந்தார். கை அப்படியே நின்றது.

“தங்கச்சி, இதென்ன? குங்குமமோ?”

என் கணவர் வைத்த பொட்டு என்று சொன்னேன். போன ஆயுத பூசைக்கு அவர் கையால் வைத்தது. கறுத்துக் காய்ந்து போயிருந்தாலும் குங்குமத்தின் சிவப்பு இன்னும் தெரிந்தது. அதில் கம்பி பிரஸைப் போட எனக்கு மனம் வராது என்றேன். முதல் நாளும் நான் அந்தப் பக்கம் கத்தி கொண்டுபோகவில்லை.

“உந்தப் பொட்டை நான் தொடமாட்டன்,” என்றார். “எங்கடை வள்ளத்திலையும் முன்பக்கம் அணியத்திலை ஒரு சிலுவை கிடக்கு, அப்பு போட்டது. பெயின்ற் உரிக்கேக்கை அதைச் சுத்தித்தான் சுரண்டுறது. அதிலை ஒருத்தரும் கைவைக்கிறேல்லை.”

மருந்து வழிந்து அதில் படாமல் இருக்கச் சுற்றிவரக் கிறீஸ் பூசி, மேலே ஒரு துண்டு பொலித்தீனும் ஒட்டினார். பிறகு அதைச் சுற்றிச் சுற்றிச் சுரண்டினார். எனக்கு அவரில் இருந்த சந்தேகம் அந்த இடத்தில்தான் போனது.

மூன்றாம் நாளும் அதே வேலை. திருவிழாக் காலம் என்பதால் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை. கடலோடு சீவிக்கிற மனிதருக்குப் பருப்பும் கத்தரிக்காயும் தேங்காய்ப்பால் சொதியும் போட எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கை கழுவி, சிலுவைக் குறி போட்டு, சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். இரண்டாம் தரம் சொதி கேட்டு வாங்கினார். மீன் தின்று அலுத்தவனுக்கு இது விருந்து தங்கச்சி என்றார். பொய்யாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் அன்று மத்தியானம் நானும், பல நாட்களுக்குப் பிறகு, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நாலாம் நாள் பின்னேரம் மூன்று மணிக்கு எஞ்சினில் பெயின்ற் என்று ஒன்றும் மிச்சமில்லை. கறுத்த வெறும் இரும்பு. அவர் ரோர்ச் அடித்து ஒரு பக்கமாகப் பார்த்து வந்தார், நான் மறுபக்கமாகப் பார்த்தேன். பிறகு இடம் மாறிப் பார்த்தோம். கண் போதாது என்று விரலால் தடவிப் பார்த்தோம். ஒரு எழுத்து இல்லை, ஒரு கீறல் இல்லை. தகடும் இல்லை. திகதிக்கு இன்னும் இரண்டு நாள்.

நான் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. உடம்பில் எதற்கும் சக்தி இல்லை. சரி, தம்பி சொன்னது உண்மை, நம்பர் வெளியே தெரியக்கூடாதென்று இவரே தகட்டைப் பிடுங்கி எறிந்திருக்கிறார், இருபத்தாறு வருடம் ஒரு பொய்யோடு ஒரே பாயில் படுத்திருக்கிறேன், கொழும்புக்கு எந்தப் பஸ் என்று பார்க்க வேண்டியதுதான். இப்படியெல்லாம் ஒரு கோபமும் இல்லாமல் நினைத்துக்கொண்டிருந்தேன். கோபப்படவும் களைப்பு விடவில்லை.

“எங்கடை மனிசன் என்னைப் பேய்க்காட்டிப் போட்டார் அண்ணை,” என்றேன்.

அவர் ரோர்ச்சை அணைத்தார். கையைத் துணியில் துடைத்து, எனக்கு எதிரே குந்தினார்.

“நாங்கள் இன்னும் ஓரிடம் பாக்கேல்லைத் தங்கச்சி,” என்றார். “ரண்டு நாளா என்ரை மனசுக்குள்ளை கிடக்குது. சொல்லப் பயமாக் கிடந்துது. நான் தொடமாட்டன். நீங்கள் தொடலாம்.”

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் முதலில் வந்தது பயம்தான். அவர் இந்த உலகத்தில் கடைசியாக வைத்த பொட்டு அது. அவருடைய விரல் பட்ட அச்சு இன்னும் அதில் இருந்தது. அதை எடுத்துவிட்டுக் கீழேயும் ஒன்றும் இல்லையென்றால், நம்பரும் போய், அவரும் போய், அந்த விரல் அச்சும் போய்விடும். அக்கா சுளகைக் கீழே வைத்துவிட்டு எழும்பி நின்றார்.

போய்க் கிணற்றடியில் கை கழுவினேன். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தேன். சுரண்டியை எடுக்கவில்லை. ஈர விரலால் பொட்டைத் தடவி, கரைந்து வந்த குங்குமத்தை என் நெற்றியில் வைக்க இனி முடியாதே என்ற நினைவில் தொண்டையில் வைத்துக்கொண்டேன். பிறகு பெருவிரல் நகத்தை அந்த வீக்கத்தின் ஓரத்தில் கொடுத்து நெம்பினேன்.

ஒரு சிரமமும் இல்லை. முழுசாக, ஒரு மூடி போல, அது என் கையோடு வந்துவிட்டது.

கீழே கறுப்பாக ஒரு ரப்பர் துண்டு. சைக்கிள் ரியூப். வட்டமாக, ஓரம் பிசிறில்லாமல், துணி வெட்டும் கத்தரிக்கோலால் மட்டுமே வெட்டக்கூடிய அளவுக்கு ஒழுங்காக வெட்டிய துண்டு. அதைத் தூக்கினேன். நிறையக் கிறீஸ். கிறீஸைத் துணியால் துடைத்தேன். இரண்டு விரல் அகலத்தில் ஒரு சின்னத் தகடு, நேற்று அடித்ததுபோல மினுங்கிக்கொண்டு இருந்தது. ஒரு பக்க ஆணி இல்லை. ஆணி போனதும், தகடு கழன்று தெருவில் விழுந்துவிடும், பெயின்றும் மூடிவிடும் என்று கிறீஸ் வைத்து, ரப்பர் வைத்து, அதன்மேல் பொட்டு வைத்து, இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ வருடம் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்.

உள்ளே ஓடிப்போய்க் கார்ப் புத்தகத்தை எடுத்துவந்து குருநகர்க்காரரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. புத்தகத்தைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு, அதில் உள்ளதை ஒவ்வொன்றாக வாசித்தார். நான் தகட்டைப் பார்த்தேன்.

“ரண்டு.”

“ஓம்.”

“ஏழு.”

“ஓம்.”

கடைசி இலக்கத்தை அவர் வாசித்தபோது அதை விரலால் தொட்டுப் பார்த்தேன். தலையைத்தான் ஆட்டினேன். அவர் புத்தகத்தை மூடி மட்கார்ட்டின் மேல் மெல்ல வைத்துவிட்டுத் திரும்பி நின்று, தன் கரண்டிகளைத் துடைக்கத் தொடங்கினார். நான் அழுது முடியும்வரை அந்த மனிதர் திரும்பவில்லை. ஒரே கரண்டியையே எவ்வளவு நேரம் துடைத்தாரோ தெரியாது. பங்குனியிலிருந்து அழாத எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் அழுதேன். அக்கா வந்து முதுகைத் தடவினார், முதுகு வலித்தது, அதற்கும் அழுதேன்.

பிறகு சிரிப்பு வந்தது. நாலு நாள் எஞ்சின் முழுவதையும் சுரண்டி, தொடவே கூடாது என்று விட்டுவைத்த ஓரிடத்தில்தான் அது இருந்திருக்கிறது. நான் அவருடைய பொட்டென்று தொடவில்லை. வந்த மனிதர் எங்கள் சாமியென்று தொடவில்லை. என் கணவருக்கோ அது தகடு இருக்கும் இடத்துக்கு வைத்த அடையாளம். சாமியும் அதில் கொஞ்சம் இருந்திருக்கலாம். இனிக் கேட்க முடியாது.

குருநகர்க்காரர் கூலி வாங்கவில்லை. மாமரத்தில் பிடுங்கிய காய்களைச் சாக்கில் போட்டேன், அதை மட்டும் கொண்டுபோனார். வள்ளம் இறக்கிவிட்டேன் என்று ஒருநாள் போன் எடுத்தார். அதற்குப் பிறகு அவர்களுடைய பாஸ்குப் பெருநாளுக்கு ஒரு தரம், எங்கள் தீபாவளிக்கு ஒரு தரம் கதைப்போம்.

திகதியன்று அதிகாரி கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். கரிக்கு நடுவே நம்பர் வெள்ளையாக எழும்பி வந்தது. இந்தச் சின்னத் தகட்டுக்காகவா எஞ்சின் முழுக்க உரித்தீர்கள் என்று கேட்டார். ஓம் என்றேன், விளக்கம் சொல்ல அலுப்பாக இருந்தது. மூன்றாம் தவணை தொடங்கிய அன்று ஆறு பிள்ளைகளும் ஏறினார்கள். நான் கியர் மாற்றும் விதம் மாமாவைவிட மோசம் என்று பின்சீற்றில் இருந்து ஒரு சின்னவள் சொன்னாள். உண்மைதான்.

போன ஆயுத பூசைக்குப் பெயின்ற் அடிக்கவில்லை. சில்லுக்கும் ஸ்ரியறிங்குக்கும் வைத்துவிட்டு, கடைசியாகக் குனிந்து, புது ஆணி அறைந்த அந்தத் தகட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தேன். நம்பர் எங்கே இருக்கிறதென்று மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் காட்டினேன். தம்பிக்கும் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, அண்ணை அண்ணைதான் என்றார். அன்றைக்கு அவருடைய தேத்தண்ணீருக்குச் சீனி போட்டேன்.

என் கணவர் சொல்லாமல் போய்விட்டார் என்று நான் பல நாள் குறைப்பட்டேன். இப்போது ஒவ்வொரு காலையும் பிள்ளைகளை ஏற்றப் போகுமுன், எண்ணெய் பார்க்கும் சாட்டில் பொனற்றைத் திறந்து அந்த மூலையைப் பார்க்கும்போது வேறொன்று படுகிறது: வருடா வருடம் நான் கேட்டதெல்லாம் கேலிக்காகத்தான், ஒரு தரமாவது தெரிந்துகொள்வதற்காகக் கேட்டிருந்தால் அந்த மனிதர் என் கையைப் பிடித்துக் குனிய வைத்துக் காட்டியிருப்பார்.